தழும்பு இல்லாத வயிறு

போன வாரம் நம் வார்டுப் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் படத்தைச் சுற்றுக்கு விட்டிருந்தீர்கள். "கத்தி இல்லை, தையல் இல்லை, பெண்களுக்கு நிரந்தரக் கருத்தடை, விரைவில்" என்று அதில் எழுதியிருந்தது. கீழே ஆளாளுக்குக் கைதட்டியிருந்தீர்கள். ஒருத்தி மட்டும், "சிஸ்டர், உங்க காலத்துல இந்த மாதிரி ஏதாவது இருந்துச்சா?" என்று கேட்டிருந்தாள். இருந்தது. அதைச் சொல்லத்தான் போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எத்தனையோ குழந்தைகளுக்கு நரம்பு கண்டுபிடித்து ஊசி ஏற்றிய விரல் இது. போனில் எழுத்தைத் தேடித்தான் தடுமாறுகிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. கத்தியில்லாத முறை என்றாலே எனக்குப் பிடிக்காது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அந்தக் காலத்துக் குடும்பக் கட்டுப்பாடு முகாம்களில் நானும் நின்றிருக்கிறேன். பள்ளிக்கூட அறையில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு, பெண்களை வரிசையாகப் படுக்க வைப்போம். ஒருத்தியை இறக்கிய சூடு ஆறுவதற்குள் அடுத்தவளை ஏற்றுவோம். கையைக் கழுவ நேரமிருக்காது. அதைப் பார்த்த யாருக்கும் இதற்கு வேறு வழியே இல்லையா என்று தோன்றாமல் இருக்காது. எனக்கும் தோன்றியது. ஆகவே வேறு வழி தேடியவர்களை நான் குறை சொல்லவில்லை. தேடிய விதத்தைப் பார்த்துத்தான் அதிர்ந்துபோனேன். இத்தனை வருஷம் கழித்தும் அந்த அதிர்ச்சி எனக்குத் தீரவில்லை.

அப்போது நான் விருத்தாசலத்தில் ஒரு நடுத்தர ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் இருந்தேன். பங்குனி மாதம், மத்தியானச் சாப்பாட்டு நேரம். ஒரு ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து ஒரு ஆள் தன் மனைவியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். அவர் பெயர் ஏழுமலை, செராமிக் கம்பெனி ஒன்றில் சூளைக்குச் சரக்கு ஏற்றுகிறவர். அவள் பெயர் அஞ்சலை. பொம்மை செய்கிற சின்ன யூனிட் ஒன்றில் வேலை. பிளாஸ்டர் அச்சில் களிமண் கூழை ஊற்றி, இறுகியதும் பொம்மையை எடுத்து, ஓரத்தைச் சுரண்டி வழவழப்பாக்குவாள். அவள் முழங்கை வரை கூழ் காய்ந்து வெள்ளையாக இருந்தது. முகமும் கிட்டத்தட்ட அந்த நிறத்துக்கு வந்திருந்தது. அதை நான் கூழ் என்றே நினைத்தேன்.

"வவுத்து வலி சார். காலையிலேருந்து துடிக்கிறா" என்றார் ஏழுமலை.

டியூட்டி டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். "கர்ப்பம் ஏதாவது?" என்று கேட்டார்.

"இல்ல சார். ரெண்டு பொண்ணுங்க போதும்னு குடும்பக் கட்டுப்பாடு பண்ணியாச்சு. மூடியாச்சு சார்."

மூடியாச்சு என்ற வார்த்தை காதில் விழுந்ததும் டாக்டருக்குப் பாதிக் கேள்வி குறைந்துவிட்டது. கேஸ் தொந்தரவு, ஒரு ஊசி போட்டு உட்கார வையுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார். அவரைத் திட்டாதீர்கள். வரிசை வாசல் வரைக்கும் நின்றது.

நான் ஊசியை எடுத்துக்கொண்டு போனேன். இடுப்புப் புடவையைத் தளர்த்தினேன். நம் தொழிலில் கண் தானாகவே ஒரு இடத்துக்குப் போகும், உங்களுக்கும் போகும். தொப்புளுக்குக் கீழே பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை. புள்ளி இல்லை, கோடு இல்லை, தழும்பே இல்லை.

"ஏம்மா, ஆப்ரேஷன் எங்க பண்ணின?"

"ஆப்ரேஷன் பண்ணலீங்க."

"உங்க வூட்டுக்காரரு பண்ணியாச்சுன்னு சொன்னாரே?"

"அது கத்தி வெக்கிறது இல்லீங்க சிஸ்டர். பஸ்ஸு போற தெருவுல ஒரு கிளினிக்கு இருக்கில்ல, அங்க மாத்திர வெச்சாங்க."

"மாத்திரைன்னா வாயில போடுறதா?"

அவள் தலையை ஆட்டினாள். அந்த வலியிலும் அவளுக்கு வெட்கம். "கீழங்க. உள்ளாற வெச்சாங்க. மஞ்சளா இருந்துச்சு. ரெண்டு நாளு மஞ்சளாவே போச்சு."

பிரசவ வார்டில் ஊறிய ஆள் நான். கருப்பைக்குள் மாத்திரை வைத்துக் கருக்குழாயை மூடுவது என்று ஒன்றை அதுவரை கேள்விப்பட்டதே இல்லை. அதுவும் எங்கள் ஊரில், நான் தினமும் பஸ்ஸில் கடந்து போகிற தெருவில், ஒரு தனியார் கிளினிக்கில் நடந்திருக்கிறது. போட வேண்டிய ஊசியைத் தட்டிலேயே வைத்துவிட்டு ஓடினேன்.

யாரைத் தேடி ஓடினேன் என்று சொல்ல வேண்டும். எங்களிடம் பெண்கள் பிரிவுக்குப் புதிதாக ஒரு லேடி டாக்டர் வந்திருந்தார். என்னைவிட வயதில் சின்னவர். வேப்பூர் பஸ் எங்கே நிற்கும், ஸ்ரீமுஷ்ணம் பஸ் எங்கே நிற்கும் என்று இன்னும் எங்களைக் கேட்டுக்கொண்டிருந்தவர். நாங்கள் முதுகுக்குப் பின்னால் "சின்ன டாக்டர்" என்போம். அதில் கொஞ்சம் கிண்டலும் உண்டு. தயிர்சாதத்தில் கை வைத்திருந்தவரிடம் போய், "டாக்டர், ஒருத்திக்கு மூடியாச்சுன்னு சொல்றாங்க, தழும்பு இல்ல" என்றேன். அவர் அப்படியே எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வந்தார். என்ன, ஏது என்று என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

வந்ததும் அஞ்சலையின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். உள்ளே சிவப்பே இல்லை. நாடியைப் பிடித்துக்கொண்டே கேட்டார். "கடைசியா எப்ப குளிச்சீங்க?"

"நாள் தள்ளிப் போயிருக்குங்க. அதான் மூடியாச்சே, இனிமே அப்படித்தான் இருக்கும்னு நெனச்சிக்கிட்டேன்."

"மாத்திரை எத்தனை தடவை வெச்சாங்க?"

"ஒருக்காதாங்க."

"மறுபடி வரச் சொல்லலையா?"

"சொன்னாங்க. அது கிளேஸ் சூடுதானேங்க. பளபளப்புக்கு" என்று சொல்லிவிட்டு அஞ்சலை கண்ணை மூடிக்கொண்டாள்.

நானும் சின்ன டாக்டரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மயக்கத்தில் உளறுகிறாள் என்றுதான் நினைத்தோம். விசாரிக்க நேரமில்லை. சின்ன டாக்டர் வயிற்றுக்குள் ஊசியைச் செலுத்தி இழுத்தார். கறுத்த இரத்தம் வந்தது. கண்ணாடிக் குழாயில் ஊற்றி வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். அது உறையவே இல்லை. அதற்கு அர்த்தம் உங்களுக்குத் தெரியும். கரு கருப்பைக்குப் போகாமல் குழாயிலேயே தங்கி, குழாய் வெடித்து, வயிற்றுக்குள் இரத்தம் கொட்டிக்கொண்டிருக்கிறது. மருந்து குழாயை முழுசாக மூடவில்லை. பாதி மூடி, கருவுக்கு வழியை மறித்துவிட்டது என்று சின்ன டாக்டர் சொன்னார்.

டியூட்டி டாக்டர் பதறிப்போனார். "பாண்டிச்சேரிக்கு அனுப்பிடலாம். நமக்கு எதுக்கு வம்பு?" என்றார்.

"அனுப்பினா வழியிலயே போயிடுவாங்க சார்" என்றார் சின்ன டாக்டர். "தியேட்டரைத் திறக்கச் சொல்லுங்க."

வெளியே ஏழுமலையிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டும். கர்ப்பம் என்ற சொல்லைக் கேட்டதும் அந்த ஆளின் முகம் மாறியதை நான் பார்த்தேன். "அவளுக்குத்தான் மூடியாச்சே மேடம். அப்புறம் எப்படி?" என்றார். அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருந்தது. அஞ்சலை உயிர் பிழைத்தாலும் அது அவளை வாழவிடாது. என்ன பதில் சொல்வது என்று நான் வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

சின்ன டாக்டர் தேடவில்லை. "மூடலைங்க. மூடினதா உங்ககிட்ட பொய்யா சொல்லியிருக்காங்க. குழந்தை உங்களோடதுதான், தப்பு அந்த மாத்திரையோடது. இப்ப உங்க சம்சாரத்தைக் காப்பாத்தணும். கையெழுத்துப் போட்டுட்டு, இரத்தம் கொடுக்க ஆளைக் கூட்டிட்டு வாங்க, ஓடுங்க" என்று ஒரே மூச்சில் சொன்னார். ஏழுமலை ஓடினார்.

பிள்ளைகளே, எனக்குச் சின்ன டாக்டர் கற்றுக் கொடுத்ததில் பெரியது இதுதான். அறுவைச் சிகிச்சையைப் பலரும் நன்றாகச் செய்வார்கள். ஒரு புருஷன் மனதில் சந்தேகம் வேர் விடுவதற்குள் அதைப் பிடுங்கிப் போட, அதுவும் நாடி விழுந்துகொண்டிருக்கிற நேரத்தில், எல்லாராலும் முடியாது. அன்றைக்கே "சின்ன" என்ற அடைமொழியை நாங்கள் கைவிட்டிருக்க வேண்டும். பழக்க தோஷம், கடைசி வரைக்கும் அப்படியே கூப்பிட்டோம்.

அஞ்சலையின் யூனிட்டிலிருந்து பெண்கள் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். கையைக்கூடக் கழுவாமல் வந்திருந்தார்கள். இரத்தம் பொருந்தியவர்களிடம் எடுத்து உள்ளே அனுப்பினோம். தியேட்டர் கதவு சாத்தியிருந்தது. வராந்தாவில் அவர்களோடு நானும் நின்றேன். அவர்களில் தனம் என்பவள்தான் அஞ்சலைக்கு நெருங்கிய தோழி. அவளிடம் மெதுவாகக் கேட்டேன்.

"ஏம்மா, கிளேஸ் சூடுன்னு என்னமோ சொன்னா. அது என்ன?"

தனம் எனக்கு விளக்கினாள். பச்சைப் பொம்மையை முதலில் ஒரு தடவை சூளையில் சுடுவார்கள். அதற்குப் பிஸ்கட் சூடு என்று பெயர். அதோடு மண் கெட்டியாகிவிடும், அப்புறம் எத்தனை தண்ணீர் ஊற்றினாலும் மறுபடி மண்ணாகாது. அதற்குமேல் கிளேஸ் பூசி இரண்டாவது தடவை சுட்டால் பளபளப்பு வரும். "அந்தக் கிளினிக்கு டாக்டரு எங்க யூனிட்டுக்கே வந்து கூட்டம் போட்டுச் சொன்னாருங்க. ஒண்ணும் பயப்படாதீங்க, உங்க சூளை மாதிரிதான். உள்ள மாத்திர வெச்சா குழாயி சூடு பட்ட மாதிரி இறுகிடும். மொதல்ல ஒரு சூடு, ஒரு மாசம் கழிச்சி ரெண்டாவது சூடு, அப்படின்னாரு. எங்களுக்கு நல்லாப் புரிஞ்சிதுங்க."

"புரிஞ்சும் ஏன் ரெண்டாவது தடவை போகல?"

தனம் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். இது கூடத் தெரியாதா என்கிற பார்வை. "மொதச் சூட்லயே மண்ணு இறுகிடுது இல்லீங்களா? எங்க யூனிட்டுல பாதிப் பொம்மைக்கு ரெண்டாஞ் சூடே கெடையாது. பிஸ்கட்டு மேலயே பெயிண்ட்டு அடிச்சி அனுப்பிடுவோம். உள்ள இருக்கிற குழாயிக்குப் பளபளப்பு எதுக்குங்க?"

கப்பும் ஜாடியும் செய்கிற யூனிட்டாக இருந்திருந்தால் கதையே வேறு. இரண்டாவது சூடு இல்லாவிட்டால் தண்ணீர் கசியும் என்று அவர்களுக்குத் தெரியும், தவறாமல் போயிருப்பார்கள். இவர்கள் பொம்மை செய்கிறவர்கள். பொம்மையில் யார் தண்ணீர் ஊற்றிப் பார்க்கப் போகிறார்கள்? அந்த டாக்டர் சொன்ன உவமை அவர்களுக்கு அட்சர சுத்தமாகப் புரிந்திருக்கிறது. அப்படிப் புரிந்ததால்தான் அஞ்சலை உள்ளே கிடக்கிறாள்.

சட்டென்று எனக்கு வேறொன்று உறைத்தது. "எங்களுக்குன்னு சொன்னியே. யாருக்கெல்லாம்?" என்றேன்.

தனம் பின்னால் திரும்பிப் பார்த்தாள். வராந்தாவில் நின்ற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரத்தம் கொடுத்த கையில் பஞ்சை அழுத்திக்கொண்டிருந்த ஒருத்தி சொன்னாள். "நாங்க எல்லாருந்தாங்க. சேர்ந்துதான் போனோம். ஆப்ரேஷன்னா அச்சு தூக்கக் கூடாதுன்னுடுவாங்க. இதுன்னா மறுநாளே வேலைக்கு வந்துடலாம்."

"ரெண்டாவது தடவை யாராவது போனீங்களா?"

தனம் இல்லை என்று தலையை ஆட்டினாள். நான் அங்கே இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். மூடியாச்சு என்று நம்பிக்கொண்டு, ஒரு யூனிட்டே என் முன்னால் நின்றுகொண்டிருந்தது. இதில் யார் வயிற்றில் எது எப்போது வெடிக்கும் என்று யாருக்குத் தெரியும்? சாதாரணமாக எனக்குக் கோபம்தான் முதலில் வரும். அன்று கோபம்கூட வரவில்லை. வெறும் திகைப்புதான்.

அஞ்சலை பிழைத்தாள். வெடித்த குழாயை எடுத்துவிட்டு, சின்ன டாக்டர் வெளியே வந்து தண்ணீர் கேட்டார். நான் அவரிடம் வராந்தாவைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். தம்ளரைப் பாதியில் கீழே வைத்துவிட்டார். அன்று சாயங்காலமே இரண்டு பேரும் அந்தக் கிளினிக்குக்குப் போனோம்.

அந்த டாக்டரைப் பற்றி நீங்கள் ஒரு வில்லனைக் கற்பனை செய்துகொண்டிருப்பீர்கள். அப்படி இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மெதுவாகப் பேசுகிற, ஏழைகளிடம் பீஸ் வற்புறுத்தாத மனுஷர் அவர். முகாம் ஆபரேஷனில் சீழ் பிடித்து ஒரு பெண் செத்ததைக் கண்ணால் பார்த்தவர். அவர் வைத்தது குயினாக்ரின். ஒரு காலத்தில் மலேரியாவுக்கு வாயால் கொடுத்த அதே மஞ்சள் மருந்துதான். அதைக் கருப்பையில் வைத்தால் குழாயின் வாய் புண்ணாகி, ஆறும்போது ஒட்டிக்கொள்ளும் என்று யாரோ ஒரு கருத்தரங்கில் சொல்லியிருக்கிறார்கள். மாத்திரையும் இலவசமாக அனுப்பியிருக்கிறார்கள். இவர் நம்பிவிட்டார்.

"ரெண்டாவது தடவை கண்டிப்பா வரணும்னு சொன்னேனே சிஸ்டர். அவங்களுக்குப் புரியற மாதிரிதானே சொன்னேன்" என்றார்.

"எப்படிச் சொன்னீங்க சார்?"

சூளைக் கதையை எங்களுக்கும் சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. நான் தனம் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னேன், பாதிப் பொம்மைக்கு இரண்டாவது சூடு கிடையாது என்பது வரைக்கும். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். யூனிட்டின் முன்வாசலில் கூட்டம் போட்டதோடு சரி, பின்னால் இருந்த சூளைப் பக்கம் போனதே இல்லை என்று பிறகு சொன்னார்.

சின்ன டாக்டர் விடவில்லை. "சரி சார். ரெண்டு தடவையும் வந்திருந்தா, அஞ்சலைக்கு இப்படி ஆகியிருக்காதா?"

"பெரும்பாலும் ஆகியிருக்காது."

"எதை வெச்சுச் சொல்றீங்க? இவங்களுக்கு இன்னும் பத்து வருஷம் கழிச்சு என்ன ஆகும்? புற்றுநோய் வராதுன்னு யாராவது பார்த்திருக்காங்களா?"

"தெரியலைங்க" என்றார். அவருக்கு மாத்திரை அனுப்பியவர்களுக்கும் தெரிந்திருக்காது. என் வாழ்க்கையில் ஒரு டாக்டர் சொன்ன வார்த்தையைக் கேட்டு நான் அவ்வளவு பயந்ததில்லை.

அந்த யூனிட்டுப் பெண்கள் ஒவ்வொருவரையும் வரவழைத்துப் பரிசோதித்தோம். இன்னும் மூடவில்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள், நாள் தள்ளினாலோ வலி வந்தாலோ ஓடி வாருங்கள் என்று சொல்லி, அதையே அவர்கள் வாயால் திரும்பச் சொல்ல வைத்தோம். சிலர் காப்பர்-டி போட்டுக்கொண்டார்கள், சிலர் ஆபரேஷனுக்கே வந்தார்கள். வேறு யாருக்கும் அசம்பாவிதம் நடக்கவில்லை. அதற்கு எங்கள் திறமை காரணமில்லை. பிறகு அரசாங்கமே அந்த மருந்தை இந்த வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது என்று தடை போட்டது. வெளிநாட்டில் வேறொரு கூட்டம் குழாய்க்குள் கம்பிச் சுருள் வைத்துப் பார்த்தது. வலிக்கிறது, வலிக்கிறது என்று பெண்கள் கத்திக் கத்தி, கடைசியில் அதையும் விற்பனையிலிருந்து எடுத்தார்கள். இப்போது நுரை, பசை என்று என்னென்னவோ ஆராய்ச்சியில் இருப்பதாகப் படிக்கிறேன். நல்லது வரட்டும். உங்கள் வார்டுக்கு அது வரும்போது என்னை நினைக்க வேண்டாம், அஞ்சலையை நினைத்துக்கொள்ளுங்கள்.

அவளுக்குத் தையல் பிரித்த காலையைச் சொல்லி முடிக்கிறேன். ஏழுமலை டீ வாங்கிவரக் கடைக்குப் போயிருந்தார். அவள் வயிற்றில் இப்போது ஒரு நீளமான தழும்பு இருந்தது. எந்தக் கத்திக்குப் பயந்து கிளினிக்குக்குப் போனாளோ, அதைவிடப் பெரிய கத்தி வைத்த தழும்பு. நான் கத்தரியோடு குனிந்திருந்தேன். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"சிஸ்டர், புதுசா ஒரு கிளேஸு வந்துச்சின்னா நாங்க நேரா பொம்ம மேல பூச மாட்டோம். ஒடஞ்ச துண்டு கெடக்கும் இல்ல, அதுல ஒண்ணு எடுத்துப் பூசி, சூளையில ஓரமா வெச்சிப் பாப்போம். வெடிச்சாலும் துண்டோட போயிடும்."

"ம்" என்றேன்.

"நாங்கதான் அந்தத் துண்டா சிஸ்டர்?"

அப்படியெல்லாம் இல்லைம்மா, மனசைப் போட்டு அலட்டிக்காதே என்று சொல்ல வாய் வந்தது. நோயாளிகளுக்கு அப்படிச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். இவளிடம் ஏற்கெனவே ஒருவர் இனிக்க இனிக்கச் சொல்லிவிட்டார்.

"ஆமாம்மா" என்றேன்.

அவள் அழவில்லை. "அத மொதல்லயே சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றாள்.

"சொல்லியிருந்தா போயிருக்க மாட்டியா?"

"போனாலும் போயிருப்பேன். ஆப்ரேஷனுக்குப் பயந்துக்கிட்டு இருந்தேனே. ஆனா தெரிஞ்சி போயிருப்பேன் சிஸ்டர்."

நான் கடைசித் தையலைப் பிரித்தேன்.